ஒரு கிலோ சிலிக்கனுக்கு எந்த மிருகம்?

தொல்விலங்குப் பொம்மை சேர்ப்பவர்களிடம் ‘இன்னும் ஏன் வரவில்லை’ என்ற பட்டியல் ஒன்று எப்போதும் இருக்கும். டைரனோசாரஸ் வேண்டுமென்றால் கடையில் குவியல் குவியலாக இருக்கிறது. சிவாலிக் மலைகளிலும் நர்மதைக் கரையிலும் இரத்தினபுரிச் சரளையிலும் கிடைத்த மிருகம் வேண்டுமென்றால் அலமாரி கிட்டத்தட்ட வெறுமைதான். இதில் யாருக்கும் யார்மீதும் பகை இல்லை. தொழிற்சாலைப் பொம்மைக்கு உருக்கில் அச்சு வெட்ட வேண்டும். அந்தச் செலவு திரும்பி வர ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். சிறுபிள்ளையின் வாயில் நுழையாத பெயர் அந்தக் கணக்கில் தேறாது.

ஆகவே ஆசைப்படுபவரே களிமண்ணைக் கையிலெடுக்க வேண்டியதுதான். மூலச்சிலை ஒன்று, அதிலிருந்து சிலிக்கன் (ஊற்றியபின் இறப்பர்போல இறுகும் திரவம்) அச்சு, அச்சில் ரெசின் (கெட்டியாக இறுகும் திரவப் பிளாஸ்டிக்) வார்ப்பு என்று போனால் பதினைந்து இருபது பிரதிகள் வீட்டிலேயே எடுக்கலாம். திருகோணமலையில் ரெசின் பெரிய பிரச்சினை அல்ல. பைபர் வள்ளம் திருத்துபவர்கள் இருக்கும் ஊரில் பொலியஸ்டர் ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பிடித்துவிடலாம். பணத்தைத் தின்பது அச்சுக்கான சிலிக்கன். அதைப் பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். பிரதிக்கான ரெசினைவிடப் பல மடங்கு விலை. முதல் முயற்சிக்கு ஒரு கிலோ டின் ஒன்று என்று வைத்துக்கொண்டால் கேள்வி சுருங்கிவிடும்: அந்த ஒரு டின்னை எந்த மிருகத்துக்குக் கொடுப்பது?

பதில் சொல்ல இரண்டு கணக்குப் போதும். அந்த மிருகத்தின் எலும்பு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்பது ஒன்று. அச்சுப் பெட்டியின் கொள்ளளவிலிருந்து சிலையின் கொள்ளளவைக் கழித்தால் வரும் மில்லிலீற்றர் மற்றது. பெயரின் புகழை இரண்டுக்கும் பிறகுதான் பார்க்க வேண்டும். ஆசை இதற்கு எதிர்த்திசையில்தான் இழுக்கும் என்பதும் தெரிந்ததே.

முதலில் கழிய வேண்டியவை

தமிழ் ஆக்கள் கூடிக் கதைத்தால் முதலில் வரும் பெயர் புருகத்காயோசாரஸ். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டுப் படிவில் கிடைத்து, 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட மிருகம். முதலில் ஊனுண்ணி என்று சொல்லப்பட்டுப் பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றப்பட்டது. உலகிலேயே பெரிய தரைவிலங்கு இதுதான் என்ற பேச்சும் உண்டு. ஆனால் எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. மிஞ்சியது கோட்டுப்படங்களும் சில புகைப்படங்களுமே. இதைச் செய்பவர் செய்வது பொதுவான ஒரு நீள்கழுத்து டைனோசர். பெயர் மட்டும்தான் அரியலூருடையது. அப்படிச் செய்வதற்குக் கடையில் உள்ளதையே வாங்கிப் பெயரை மாற்றி ஒட்டலாம்.

இலங்கைச் சிங்கத்தின் கதையும் இதுதான். பான்தேரா லியோ சின்ஹலேயஸ் என்று 1939இல் இலங்கைத் தொல்லுயிர் ஆய்வாளர் பி. ஈ. பி. தெரணியகல பெயரிட்டது குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து. கையிலிருப்பது மொத்தம் இரண்டு பல். பிடரி எவ்வளவு, உயரம் எவ்வளவு, உடல் எப்படி என்று பல் சொல்லாது. எவ்வளவு வடிவாகச் செய்தாலும் பார்ப்பவருக்கு அது வெறும் சிங்கம்.

பராபாசாரஸுக்கு எலும்பு நிறைய உண்டு. கோதாவரிப் பள்ளத்தாக்கில் பல உடல்களின் எலும்புகள் ஒன்றாகக் கிடைத்தன. 1975இல் தாகூர் பெயரைச் சேர்த்துப் பெயரிடப்பட்டு, கொல்கத்தாவில் எலும்புக்கூடாக நிற்கிறது. தலைதான் இல்லை. அதோடு 14 மீற்றர் உடலை 1:40க்குக் குறுக்கினாலும் 35 செ.மீ. நீளம் வரும். அந்த நீளத்துக்கு அச்சுப் பெட்டி கட்டினால் ஒரு டின் அடியை நனைக்கத்தான் காணும்.

ராஜாசாரஸை விட மனம் வராது. குஜராத்தின் ராகியோலியில் கிடைத்து 2003இல் பெயரிடப்பட்டது. மூளைப்பெட்டி, இடுப்பு, கால், வால் எலும்புகள் உண்டு. நெற்றியில் குட்டைக் கொம்பு. ஆனால் பெரிய பொம்மைக் கம்பனிகள் ஏற்கெனவே கைவைத்துவிட்ட பெயர் அது. கடைப் பொம்மை திருப்தி தராவிட்டாலும் ‘இல்லாத மிருகம்’ என்ற தகுதி போய்விட்டது. இரண்டு காலில் நிற்கும் ரெசின் மிருகத்துக்கு இன்னொரு நோயும் உண்டு. மதிய வெக்கையில் கணுக்கால் மெல்ல வளைந்து, சில மாதத்தில் மூக்கு அலமாரித் தட்டைத் தொட்டுவிடும். காலுக்குள் 2 மி.மீ. உருக்குக் கம்பி வைக்காமல் இரண்டு கால் மிருகம் வார்ப்பது வீண் வேலை.

இந்தோஹையஸ் பற்றி ஒரு வரி. காஷ்மீரின் காலாகோட்டில் கிடைத்த, திமிங்கிலத்தின் நெருங்கிய உறவான சிறு குளம்புவிலங்கு. நம் காட்டுச் சருகுமானைப் பார்த்தவருக்கு உடல்வாகு உடனே பிடிபடும். அதுவே அதற்குக் கேடு. சருகுமான் செய்ததாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள்.

கோணேசர் ஊரில் சிவாதேரியம்

சிவனின் பெயர் சுமந்த மிருகம் கோணேசர் ஊரில்தான் முதலில் வார்க்கப்பட வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுப்பது கஷ்டம். ஃபால்கனரும் கோட்லியும் 1836இல் சிவாலிக் மலைப் படிவுகளிலிருந்து விவரித்த சிவாதேரியம் ஜைகாண்டியம் ஒட்டகச்சிவிங்கியின் இனம். ஆனால் நீண்ட கழுத்து இல்லை. மாடுபோலத் திரண்ட உடல், தடித்த குறுங்கால், கண்ணுக்கு மேலே இரண்டு கூம்புக் கொம்பு, அதற்குப் பின்னே அகன்று விரிந்த பெருங்கொம்பு ஒரு சோடி. மண்டையோடும் கால் எலும்புகளும் உண்டு. 2016இல் எலும்புகளைக் கணினியில் கோத்துச் செய்த மதிப்பீடு நிறையைச் சுமார் 1,250 கிலோ என்றது. கண்டவுடன் ‘இது என்ன மிருகம்?’ என்று கேட்க வைக்கும் உருவம். எலும்புக் கணக்கில் முழுப் புள்ளி.

இரண்டாவது கணக்கில்தான் விழுகிறது. 1,250 கிலோ மிருகத்தின் கொள்ளளவைத் தோராயமாக 1.25 கன மீற்றர் என்று கொள்ளலாம். 1:20 அளவுக்கு 20ஐ மூன்று முறை பெருக்கி 8,000ஆல் வகுக்க, 156 மி.லி. வரும். ஒரு தேநீர்க் கோப்பை ரெசின், அது பெரிதல்ல. பெட்டியைப் பாருங்கள். கொம்பு நுனிவரை 15 செ.மீ. உயரம், 15 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டால் 18 × 18 × 9, அதாவது 2,916 கன செ.மீ. சிலையைக் கழித்தால் 2,760. சிலிக்கனின் அடர்த்தி 1.1 என்றால் மூன்று கிலோ. நான்கு காலுக்கும் இடையிலுள்ள வெறும் காற்றை விலையுயர்ந்த சிலிக்கனால் நிரப்புகிறோம் என்பதுதான் இதன் பொருள்.

இதோடு அச்சை இரண்டு பாதியாக ஊற்ற வேண்டும். முதல் பாதி காய்ந்தபின் வாஸ்லீன் பூசாமல் இரண்டாம் பாதியை ஊற்றினால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்; பிறகு கத்திதான். கொம்பைத் தனியே வார்த்து, 1 மி.மீ. ஆணி வைத்து ஒட்ட வேண்டும். சேர்த்து வார்த்தால் கொம்பு நுனியில் காற்று அடைபட்டு, பத்துப் பிரதியில் ஆறில் நுனி இராது. சிற்பம் செய்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை: திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைப் பார்த்துக் கால் மூட்டு எந்தப் பக்கம் மடங்குகிறது என்று படிப்பது நல்லது. ஆனால் அந்த மான்காலின் மெல்லிசு சிவாதேரியத்துக்கு ஆகாது, கொம்பும் மான்கொம்பு அல்ல. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் கொம்பின் முரட்டு அடிவளையத்தை இதில் செதுக்கினால் தெரிந்தவர் சிரிப்பார்.

மூன்று டின் வாங்க வசதி வரும் நாளில் முதல் பெயர் இதுதான். இன்றைக்கு அல்ல.

ஆறு பல்லின் சங்கடம்

இலங்கை மண்ணிலேயே கிடைத்த மிருகம் வேண்டும் என்பவர்கள் ஹெக்சாபுரோட்டோடனைச் சொல்வார்கள். இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளின் சரளைப் படையில் யானை, காண்டாமிருகம் ஆகியவற்றோடு கலந்து கிடைத்த நீர்யானை அது. தெரணியகல ‘சின்ஹலேயஸ்’ என்று பெயரிட்டார். கிடைத்தவை பெரும்பாலும் பல்லும் தாடைத் துண்டுமே என்றாலும், அதே பேரினத்தின் சிவாலிக் உறவுக்கு மண்டையோடுகள் இருப்பதால் உடலைக் கடன் வாங்கலாம். சிங்கத்தைவிட நிலைமை நல்லது.

பெயரிலேயே விசயம் இருக்கிறது. ஹெக்சா என்றால் ஆறு: கீழ்த்தாடை முன்னால் ஆறு வெட்டுப்பல். இன்றைய ஆபிரிக்கப் பெரு நீர்யானைக்கு நான்கு. வாயை மூடிச் செய்தால் குண்டான, குட்டைக் கால் உடல் அச்சிலிருந்து அழகாகக் கழரும். ஆனால் மிருகக்காட்சிச்சாலை நீர்யானைக்கும் இதற்கும் வித்தியாசம் காட்ட எதுவும் இராது. வாயைத் திறந்து ஆறு பல்லையும் காட்டினால் வாய்க்குழிக்குள் போன சிலிக்கன் நாக்குப்போலத் தொங்கி, நான்காவது ஐந்தாவது வார்ப்பில் அறுந்துவிடும். கீழ்த்தாடையைத் தனியாக வார்ப்பதே வழி. அப்போதும் 1:20இல் ஒவ்வொரு வெட்டுப்பல்லும் 2 மி.மீ. தடிப்புக்குள் வரும், ஊசியால் ஒவ்வொரு பற்குழியிலும் ரெசினைத் தொட்டுவைத்துத்தான் ஊற்ற வேண்டும். சிலிக்கன் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகும். மோசமான தேர்வு என்று சொல்ல முடியாது. முதல் தேர்வாக்கவும் முடியாது. இதைச் செய்ய நினைப்பவர் இரத்தினபுரித் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் எச்சங்களை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து களிமண்ணைத் தொடுவது நல்லது.

இரண்டு பாம்பு

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டும் மட்சோயிடே என்ற ஒரே அழிந்த குடும்பம், இரண்டும் குஜராத்.

வாசுகி இண்டிகஸ் 2024இல் வந்த பெயர். கச்சுப் பகுதியின் பனந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளை வைத்து தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் விவரித்தார்கள். வயது ஏறக்குறைய 47 மில்லியன் ஆண்டு. நீளம் 11இலிருந்து 15 மீற்றர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. பாற்கடல் கடைந்த கயிற்றின் பெயர். தமிழ் வீட்டில் அறிமுகமே தேவையில்லை. சுருண்டு கிடக்கும் பாம்பு அச்சுக்கும் தோதானது: கால் இல்லை, காது இல்லை, அடி தட்டை.

குறை தலையில். தலை கிடைக்கவில்லை. பாம்புப் பொம்மையில் கண் முதலில் போய் நிற்கும் இடம் தலைதான். அங்கேயே ஊகம் என்றால் மீதி எலும்புக்கு என்ன மதிப்பு? இன்னொரு குறை, பொம்மையாக நிற்கும்போதுதான் தெரியும். பதினைந்து மீற்றர்ப் பாம்பை 1:20இல் சுருட்டி வைத்தால் உள்ளங்கை அளவு சுருள் ஒன்று. பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் அது மலைப்பாம்பு, அவ்வளவுதான். வாசுகியின் சிறப்பே அளவு. சுருட்டியவுடன் அந்த அளவு மறைந்துவிடுகிறது. நீட்டி வைத்தால் 55 முதல் 75 செ.மீ. வரை போகும். அந்த நீளத்தில் ஒல்லியான ரெசின் வார்ப்பு ஒன்றை யாழ்ப்பாணம்வரை பார்சலில் அனுப்பிப் பாருங்கள், புரியும்.

சனஜே இண்டிகஸுக்கு இந்த இரண்டு குறையும் இல்லை. தோலி துங்ரி என்ற ஊரில் தனஞ்சய் மொஹாபே 1980களில் எடுத்த பாறையில் இருந்தது எல்லாம் டைனோசர் குஞ்சின் எலும்பு என்றே முதலில் நினைத்தார்கள். 2001இல் ஜெஃப்ரி வில்சன் அதற்குள் பாம்பின் முள்ளெலும்பைக் கண்டார். 2010இல் முழு விவரமும் வெளிவந்தது. சுமார் 67 மில்லியன் ஆண்டுக்கு முன், நீள்கழுத்து டைனோசர் முட்டையிட்ட கூட்டில், உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி மூன்றரை மீற்றர்ப் பாம்பு, அருகே அரை மீற்றர்க் குஞ்சு, உடையாத முட்டைகள். மண் சரிந்து எல்லாவற்றையும் ஒரே நொடியில் மூடியிருக்கலாம். தலையும் உடலின் பெரும்பகுதியும் உண்டு. எந்த நிலையில் வைப்பது என்று சிற்பி மூளையைக் கசக்க வேண்டாம், பாறையே காட்டிவிட்டது. குஞ்சும் முட்டையும் பக்கத்தில் இருப்பதால் அளவும் தானாகவே புரியும்.

அச்சுக் கணக்கிலும் இதுதான் மலிவு. 1:10 அளவில் 11 × 9 செ.மீ. அடித்தளம் போதும். 1 செ.மீ. தடிப்பான தளம் 99 மி.லி.; மேலே பாம்பும் முட்டையும் குஞ்சும் சேர்ந்து 40 மி.லி. என்று கொண்டால் மொத்தம் 140. தளத்தின் அடியிலிருந்து பாம்பின் தலைவரை 4 செ.மீ. ஒற்றைத்துண்டு அச்சு என்பதால் 13 × 11 × 5.5 பெட்டி காணும்: 786 கன செ.மீ. 140ஐக் கழித்தால் 646 மி.லி., நிறையில் 710 கிராம். கோப்பையில் ஒட்டுவதும் சிந்துவதும் சேர்த்து 780 கிராம். ஒரு கிலோ டின்னில் மிச்சம்கூட இருக்கும்.

குறை என்று சொன்னால் அளவுதான். மற்றப் பொம்மைகள் 1:35, 1:40 என்று அடுக்கியிருக்கும் தட்டில் 1:10 கூடு பொருந்தாது. ஆனால் 1:35க்கு இறக்கினால் முட்டை நான்கரை மி.மீ. மணியாகிவிடும், பாம்புத் தலை 3 மி.மீ. கூட வராது. இதைத் தனித்தட்டில் வைப்பதே சரி. வரிசை கெடக்கூடாது என்று பிடிவாதமாக இருப்பவருக்கு இந்தத் தேர்வு ஆகாது.

கூட்டைச் செய்யும் முறை

முட்டையிலிருந்து தொடங்குவது சுலபம். இந்த வகை முட்டைகள் 12 முதல் 20 செ.மீ. வரை விட்டம் உள்ளவை, ஏறக்குறைய உருண்டை. 1:10க்கு 16 மி.மீ. சரி. பிள்ளைகள் அடிக்கும் சாதாரணக் கண்ணாடிப் போளையின் அளவு அதேதான். போளையின் மேல் அரை மி.மீ. எபொக்சிப் புட்டி பூசி, பழைய பல்துலக்கியால் குத்தினால் ஓட்டின் முண்டு முண்டான பரப்பு வந்துவிடும். போளையை முதலில் உப்புத்தாளால் தேய்த்துக் கரடாக்காவிட்டால் புட்டி ஓடுபோல் கழன்றுவிடும். அச்சு கழற்றும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

பாம்புக்கு 1 மி.மீ. அலுமினியக் கம்பி 34 செ.மீ., அதன்மேல் புட்டி. நடுவுடல் 10 முதல் 12 மி.மீ. தடிப்பு, வால் ஊசியாக. தலை ஒரு செ.மீ. அளவுதான், அதைத் தனியே செய்து காய்ந்தபின் பொருத்துவது நல்லது. செதிலை ஒவ்வொன்றாகக் கீறப் போக வேண்டாம். இந்த அளவில் செதில் அரை மி.மீ.; நுளம்பு வலையின் கண் இதற்குப் பெரிது. நைலோன் தேத்தண்ணி வடியின் வலையை வெட்டி, புட்டி பாதி இறுகிய நிலையில் சரிவாக அழுத்தினால் போதும். முழுதும் ஈரமாக இருக்கும்போது அழுத்தினால் வலையோடு தோலும் உரியும்.

பலர் தவறுவது வாயில். சனஜே இன்றைய மலைப்பாம்புபோல வாயை அகல விரிக்கக்கூடிய பாம்பு அல்ல. அதன் தாடை அமைப்பு அதற்கு இடம் கொடுக்காது. முட்டையை முழுதாக விழுங்கும் காட்சி செய்தால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். அது காத்திருந்தது குஞ்சுக்கு. வாயை மூடியபடியோ சிறிது திறந்தபடியோ தலையை உடைந்த முட்டையின் மேல் வைப்பதே கிடைத்த பாறைக்கு நெருக்கம்.

குஞ்சு 5 செ.மீ. வயிற்றின் கீழே வெளி விடாமல் மண்ணால் நிரப்பிவிடுங்கள். பாம்பின் சுருளுக்கும் சுருளுக்கும் இடையே தெரியும் துவாரத்தையும் அப்படியே. கூடு மண்ணில் இருப்பதால் இந்த ஏமாற்று யாருக்கும் தெரியாது. அச்சு கிழியாமல் இருபது தடவை கழருவதற்கு இதுதான் காரணம். தளத்துக்கு நிலாவெளி மணலைத் தூவ நினைப்பவர்கள் நன்னீரில் நாலு தடவை கழுவிக் காயவைத்து, ஒட்டியபின் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தளர்ந்த மணல் முழுவதும் சிலிக்கனோடு போய்விடும். கனத்துக்காகப் புல்மோட்டைக் கறுமணலை நினைக்கவே வேண்டாம். அது அரசின் கனியமணல்; சட்டியோடு போய் அள்ளி வருகிற சாமான் அல்ல. இந்தக் கூட்டுக்குக் கனம் சேர்க்கவும் தேவையில்லை, தானே தட்டையாக இருக்கும்.

அச்சு ஊற்ற, தரையில் பதிக்கும் ஓடு ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் சிலையை ஒட்டி, சுற்றிப் பலகையோ பிளாஸ்டிக் துண்டோ வைத்துப் பெட்டி கட்டி, மூலைகளைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. பள்ளிக்கூடப் பிளாஸ்டிசின் சிலவற்றில் கந்தகம் இருக்கும். பிளாட்டினம் வகைச் சிலிக்கன் அதைத் தொட்டால் அந்த இடம் இறுகவே இறுகாது; பிசினாகவே நிற்கும். தகரவகைச் சிலிக்கனுக்கு அந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. ஆனால் அந்த அச்சு சில ஆண்டில் தானாகவே பொடியத் தொடங்கும். இருபது பிரதிக்குத் தகரவகை போதும். ஹார்ட்னர் டின்னில் எழுதியிருக்கும் வீதம்: 2 என்றால் 780 கிராமுக்கு 15.6 கிராம். 0.1 கிராம் காட்டும் தராசு இல்லாமல் கண்ணால் ஊற்றினால் நம் வெக்கைக்கு அது கோப்பையிலேயே இறுகிவிடும். ஒரு மூலையில், ஒரு முழ உயரத்திலிருந்து நூல்போல ஊற்றுங்கள். குமிழ் வழியிலேயே உடையும். 24 மணித்தியாலம் தொடாதீர்கள்.

மூலச்சிலையை முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுப்பவர்களுக்கும் அதே பிளாட்டினம் எச்சரிக்கை. ஒளியில் இறுகும் ரெசின் முழுதாகக் காயாவிட்டால் சிலிக்கன் ஒட்டும். கழுவி, இரண்டு மூன்று நாள் வெயில் காட்டி, ஸ்ப்ரே பெயின்ட் ஒரு பூச்சு அடித்துவிட்டே அச்சுக்குப் போக வேண்டும்.

எந்த ரெசின், எந்த மாதம்

வள்ளத்துக்கு வாங்கும் பொலியஸ்டர் மலிவு, கையெட்டில் இருப்பது. ஆனால் இறுகும்போது நன்றாகவே சுருங்கும். வாடை நாள்கணக்கில் வீட்டைவிட்டுப் போகாது. அதிலிருக்கும் ஸ்டைரீன் சிலிக்கனை அரித்து அச்சின் ஆயுளைக் குறைக்கும். ஹார்ட்னரைக் கூட்டினால் 1 செ.மீ. தளம் சூடேறி நடுவில் வெடிக்கும். டல்க் பவுடர் கலந்தால் சூடும் சுருக்கமும் குறையும், நுண்விவரம் சிறிது மழுங்கும். எபொக்சி நன்றாகவே வரும். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பொலியூரதேன்தான் இந்த வேலைக்கென்றே வந்தது: இரண்டு போத்தல், பெரும்பாலும் சரிபாதிக் கலவை, அரை மணித்தியாலத்தில் கழற்றலாம். 140 மி.லி. கூட்டுக்கு இரண்டு போத்தலும் சேர்த்து 155 கிராம் கணக்கு.

பொலியூரதேனின் எதிரி ஈரம். மார்கழி வாடைக்காற்றில் திறந்துவைத்த போத்தல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடுத்தமுறை ஊற்றும்போது ரெசின் அப்பம்போலப் பொங்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுதும் ஓட்டை. கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரைதான் வார்ப்புக் காலம். அப்போது தொல்லை சூடு. லேபிளில் ஐந்து நிமிடம் வேலைநேரம் என்றிருப்பது 25 பாகைக்கான கணக்கு. 34 பாகையில் பாதிதான் மிஞ்சும். காலை ஆறு மணிக்கு முன் ஊற்றுங்கள், போத்தல்களை முதல்நாள் இரவே குளிரான இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் அல்ல. வெளியே எடுத்ததும் போத்தலில் பனிக்கும் நீரே ரெசினைக் கெடுக்கும்.

பாம்பின் தலை, குஞ்சின் முகம், உடைந்த ஓட்டின் விளிம்பு ஆகிய மூன்று இடத்துக்கும் தூரிகையால் முதலில் ரெசினைத் தடவிவிட்டு, பிறகு மெல்ல நிரப்ப வேண்டும். வளைந்த தளம் வந்தால் 70 பாகைத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்துத் தரையோட்டின் மேல் அழுத்தினால் நேராகும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு இதற்குக் காணாது. பாத்திரம் கழுவும் திரவத்தில் தேய்த்துக் கழுவாமல் நிறம் பூசினால் ஆறு மாதத்தில் நிறம் சட்டைபோலக் கழரும். பாம்புக்குச் சட்டை கழல்வது இயல்புதான், பொம்மைக்கு ஆகாது.

இரண்டாவது டின்

அடுத்தது மெகலோகெலிஸ் அட்லஸ். சிவாலிக்கின் பெரும் ஆமை. பழைய காலத்தில் மிகைப்படுத்திச் சொன்ன நீளங்களை விட்டுவிட்டு ஓடு 2 மீற்றர் அளவு என்று கொள்ளலாம். 1:20இல் 10 செ.மீ. ஓடு, காலைத் தளத்தோடு ஒட்டிச் செய்தால் இதுவும் ஒற்றைத்துண்டு அச்சு. சிலிக்கன் 950 கிராம். ஒரு டின்னுக்குள் அடங்கும். ஆனால் ஒரு கோப்பை சிந்தினால் போச்சு. ரெசின் 280 மி.லி. போகும், கூட்டின் இரு மடங்கு. நடுவில் அலுமினியத்தாள் உருண்டை ஒன்றை அடியிலிருந்து அமிழ்த்தி வைத்து வார்த்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கீழ்விழுந்தாலும் உடையாத ஒரே பொம்மை இந்தப் பட்டியலில் இதுதான். பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் சனஜேயை முந்திக்கொண்டு இதையே முதலில் செய்வதிலும் தப்பில்லை.

‘ஆமைதானே’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்காக இரண்டு விசயம் சேர்க்க வேண்டும். கீழோட்டின் முன்னால் கழுத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த முனை ஒன்று. அது இந்த மிருகத்தின் அடையாளம், தலையைத் தூக்கியபடி செய்தால்தான் தெரியும். மற்றது, தளத்தின் ஓரத்தில் 12 மி.மீ. நட்சத்திர ஆமை. நம் பற்றைக்காட்டில் ஊரும் 25 செ.மீ. ஆமையை அதே 1:20க்குக் குறுக்கினால் வரும் அளவு அது. பக்கத்தில் வைத்தவுடன் பெரியவர் எவ்வளவு பெரியவர் என்று தெரிந்துவிடும்.

சனஜே அச்சை அதுவரை வைத்திருக்க, கடைசிப் பிரதியை அதற்குள்ளேயே விட்டுத் தட்டையான பலகையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெறும் அச்சைச் சுவரில் சாய்த்து வைத்தால் அடுத்த கச்சானுக்குள் அது கோணிவிடும். பிறகு வரும் கூடு எல்லாம் ஒரு பக்கம் சரிந்தபடியே வரும்.